நடக்கத் தெரிந்த தம்பூரா

இசைக் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை வாசித்தவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். அவற்றைத் துடைத்து வைத்தவர்களைப் பற்றி எழுதுவோர் அரியர். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆயினும் ஒரு பேஸ் கிட்டாரைப் பழுதின்றிப் பேணத் தெரியும். அதை எனக்குக் கற்பித்தவர், அக்கருவியின் ஒலியைத் தம் வீட்டில் கேட்க விரும்பாத ஒருவர். அவர் என் தந்தையார்.

நாங்கள் சித்தூர்த் தமிழர்கள். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. எங்கள் முன்னோர் ஊர்விட்டு ஊர் பெயரவில்லை; எல்லைக் கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தோம். தந்தையை 'நைனா' என்றே அழைப்போம். நைனா அலுவலக எழுத்தர்; இசைப் பித்தர். புங்கனூரில் 1898இல் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்து கொள்வார். எங்கள் கூடத்து மூலையில் பலா மரத்தால் ஆன தஞ்சாவூர்த் தம்பூரா ஒன்று சாய்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் அதைத் துடைத்துச் சுருதி கூட்டாமல் அவர் உணவு கொண்டதில்லை.

அத்தகைய வீட்டில் 1982ஆம் ஆண்டு என் அண்ணன் ஒரு பழைய பேஸ் கிட்டாரோடு நுழைந்தான். 1976இல் 'அன்னக்கிளி' வழியாக இளையராஜா அறிமுகமான பிறகு, பாட்டின் அடியில் தனியே ஓடும் அந்தக் கனத்த ஒலியில் மயங்கிய இளைஞர் பலர். அண்ணனும் அவர்களுள் ஒருவன். மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தான். காணிப்பாக்கம் பிரம்மோற்சவம், திருப்பதி கங்கம்மா ஜாத்திரை, திருமண வரவேற்புகள் என்று ஊர் ஊராகச் சென்றான். பாகாலா வழியாகச் செல்லும் ரயிலில், அந்த நெடிய கருவியை மடியில் கிடத்திக்கொண்டு திருப்பதிக்குப் போவான்.

நைனா சினத்தில் கத்துபவர் அல்லர், பேச்சை நிறுத்துபவர். மாதக்கணக்கில் நிறுத்தினார். 1986இல் அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இனி அந்தக் கட்டையை இந்த வீட்டில் எடுக்காதே." அண்ணன் மறுமொழி கூறாமல் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டுச் சென்றான். எனக்கு அப்போது பதினான்கு வயது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நைனா என்னை அழைத்தார். "ஏணியைப் பிடி" என்றார். பெட்டியை இறக்கித் தம்பூராவின் பக்கத்தில் வைத்துத் திறந்தார். "யாருடையதாயினும் கருவி கருவிதான். வியர்வையோடு மூடி வைத்திருக்கிறான் பார்" என்றார். அன்றுதான் என் பாடம் தொடங்கிற்று.

முதலில் கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். பிறகு பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே பற்றி, குதிரையிலிருந்து பிருடை வரை உருவ வேண்டும். மேற்புறம் மட்டும் துடைப்பது ஏமாற்று வேலை. கம்பியின் அடியிலும் துணி போக வேண்டும். பேஸ் கிட்டாரின் கம்பி, எஃகு நரம்பின்மேல் மற்றொரு உலோகக் கம்பியை நெருக்கிச் சுற்றியது. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் புகுந்தால் துரு ஏறும். துருவுக்கு முன்பே நாதம் மங்கிவிடும். குதிரையின் மூலைகளிலுள்ள தூசியை ஓவியம் தீட்டும் தூரிகையால் தட்ட வேண்டும். கம்பிகளை மாற்றும்போது நான்கையும் ஒருசேர அவிழ்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

ஒருமுறை நான் அறிவாளி ஆனேன். விரல் பலகைக்கு 'லெமன் ஆயில்' பூசுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து பிழிந்துவிட்டேன். நைனா பதறிப்போய்த் துடைத்தெடுத்தார். அப்பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மணமூட்டிய கனிம எண்ணெய் என்பதைப் பின்னர் அறிந்தேன். சாற்றின் புளிப்பு மரத்துக்கும் உலோக மெட்டுக்கும் பகை. தேங்காய் எண்ணெயும் ஆகாது; நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். எண்ணெய் ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் சில துளிகள் போதும். எங்கள் கிட்டாரின் விரல் பலகை ஈட்டி மரம். உலகின் பல நாடுகளில் செய்யப்படும் கிட்டார்களுக்கு விரல் பலகையாய் அமைவது நம் மலைகளில் விளையும் ஈட்டி என்பதை எண்ணும்போது, அந்தக் கருவியும் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை என்று தோன்றும்.

ஆனால் நைனாவும் ஒரு பிழை செய்தார். 'நெடுநாள் வாசிக்காத கருவிக்கு இறுக்கம் எதற்கு?' என்று இரக்கப்பட்டு நான்கு கம்பிகளையும் முற்றிலும் தளர்த்திவிட்டார். அடுத்த ஆண்டு கோடையில் மீண்டும் முறுக்கியபோது, தொட்ட இடமெல்லாம் கம்பி மெட்டில் உராய்ந்து கரகரத்தது. நைனாவின் முகம் வாடிவிட்டது. மறுநாள் ஓய்வூதிய வேலையாகச் சென்னை செல்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கிட்டார்ப் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, காட்பாடிக்குச் சென்று ரயில் ஏறினார். அப்போது அவருக்கு அறுபது வயது. நானும் உடன் சென்றேன்.

சென்னையில் பழுது பார்த்தவர் பொறுமையாக விளக்கினார். கருவியின் கழுத்துக்குள் ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு நிகரான விசையோடு கழுத்தை முன்னே இழுக்கின்றன. தண்டு அதைப் பின்னே இழுத்து நிறுத்துகிறது. கம்பியை அறவே தளர்த்தினால் எதிர்ப்பக்கத்து இழுப்பு மட்டும் எஞ்சிக் கழுத்து பின்புறம் வளைகிறது. அவர் தண்டின் திருகைக் கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, "மரம் மெதுவாகத்தான் கேட்கும்; நாளைக்கு வாருங்கள்" என்றார். அன்றிரவு உறவினர் வீட்டுத் திண்ணையில் நைனா உறங்கவில்லை. "இழுக்க வேண்டியது இழுத்தால்தான் நேராக நிற்கும் போலிருக்கிறது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மற்றொரு கால் சுற்றில் கழுத்து நேரானது. பழுது பார்த்தவர் பருத்த கம்பியை மீட்டிக் காட்டினார். வினாடிக்கு நாற்பத்தொரு அதிர்வுகள் கொண்ட ஒலி அது. காதுக்கு முன் நெஞ்சுக்குத் தெரிவது. நைனா கண்களை மூடிக் கேட்டார். பிறகு அவர் ஒரு பாட்டுக்குரிய பேஸை வாசித்ததையும் கேட்டார். திரும்பும் வழியில், வாலாஜா கடந்தபின், என்னிடம் சொன்னார்: "இதுவும் ஒரு தம்பூராதான்டா. தம்பூரா ஓரிடத்தில் நிற்கும். இது நடக்கத் தெரிந்த தம்பூரா." சற்றுப் பொறுத்து, "இதையெல்லாம் அவனுக்கு எழுதி வைக்காதே" என்றார்.

நான் எழுதவில்லை. அதுதான் என் வாழ்வில் நான் செய்த பெரும் பிழை. தந்தை சொல்லைக் காத்தேன் என்று பெருமைப்பட்டேன். அண்ணன் விடுப்பில் வரும்போதெல்லாம் முதல் நாளே நைனா பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார். அண்ணன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பான், கண்ணைத் தாழ்த்திக்கொள்வான், கேட்கமாட்டான். இருவரும் ஊர் நிலவரம் பேசுவர். மழை பற்றிப் பேசுவர். அண்ணன் திரும்பிச் சென்ற வெள்ளிக்கிழமையே பெட்டி மீண்டும் கூடத்துக்கு வந்துவிடும். பதினேழு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

2003இல் நைனா மறைந்தார். அண்ணனால் உரிய நேரத்தில் வந்து சேர இயலவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தான். எல்லாம் முடிந்தபின் கூடத்தில் தம்பூராவின் பக்கத்தில் பெட்டியைக் கண்டான். இம்முறை அதைப் பரணில் ஏற்ற ஆள் இல்லை. துருவும் கரையானும் எதிர்பார்த்துத் திறந்தான். கம்பிகள் மின்னின. மெட்டுகளில் ஒரு தூசி இல்லை. மடித்த வேட்டித் துணி கழுத்தின்கீழ் இருந்தது.

"யாருடா துடைத்தது?" என்று கேட்டான்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்: ஏணி, எலுமிச்சம்பழம், சென்னைப் பயணம், வாலாஜா கடந்தபின் சொன்ன சொல். அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தத் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினான். "அடியிலும் துடைக்க வேண்டும்" என்றேன். "தெரியும்" என்றான். "முதலிலேயே எழுதியிருக்கலாமே நீ" என்றான். அதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

அண்ணன் இப்போது திருப்பதியில் வசிக்கிறான். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. எல்லைக் கோடு எங்கள் குடும்பத்தின் நடுவே மற்றுமொரு முறை நடந்திருக்கிறது. கிட்டார் அவன் வீட்டில் தம்பூராவுக்கு அருகில் நிற்கிறது. அவன் மகள் வாசிக்கிறாள். நான் ஊருக்குச் செல்லும்போது வெள்ளிக்கிழமை அமைந்தால் துடைக்கும் உரிமை எனக்கு.

கடல் கடந்து வாழும் நம் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊரில் ஒரு பரண் இருக்கிறது. நாம் விட்டு வந்த ஏதோ ஒன்றை, நம்மோடு சரியாகப் பேசாத யாரோ ஒருவர், நமக்காகத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கக் கூடும். அதைக் கண்டவர்கள் தயவுசெய்து எழுதிவிடுங்கள். 'சொல்லாதே' என்று அவர்கள் சொன்னாலும் எழுதிவிடுங்கள்.