அடைப்புக்குறிக்குள் சிரிப்பவர்கள்

டப்பிங் வசனத்தாளில் பேச்சு மட்டும் இருக்காது. பெருமூச்சு, முனகல், செருமல் எல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றில் அதிகம் வருவது சிரிப்பு. ஆங்கிலத் தொடர் ஒன்றின் மூலத்தாளைப் புரட்டினால் சக்கிள்ஸ், கிகிள்ஸ், ஸ்நிக்கர்ஸ், ஸ்காஃப்ஸ் என்று பக்கத்துக்குப் பக்கம் நிற்கும். கொரியத் தொடரானாலும் எங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான். ஆக, சியோலில் ஒருத்தி சிரித்தாலும் அது ஆங்கிலத்தில் சிரித்துவிட்டுத்தான் தமிழுக்கு வரும்.

மணவூரிலிருந்து அரக்கோணம் லோக்கலில் சென்னைக்குப் போய், சாலிகிராமத்தில் வசனம் எழுதும் ஒருவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறேன். எடுத்த எடுப்பில் அவர் வசனத்தில் கைவைக்க விடவில்லை. "பேசுறத யாரு வேணா எழுதிடலாம்ப்பா. மொதல்ல சிரிப்ப எழுது, பாக்கலாம்" என்றார். ரியாக்‌ஷன்கள் மட்டும் என் பொறுப்பு.

மூலத்தில் இருக்கும் சிரிப்பை அப்படியே விட்டுவிடலாமே என்று வெளியில் பலர் கேட்கிறார்கள். முடியாது. மொழிமாற்றத்துக்கென்று வரும் ஒலித்தடத்தில் இசையும் பின்னணி ஓசையும்தான் இருக்கும், நடிகரின் குரல் இருக்காது. கூட்டமாகச் சிரிப்பது பெரும்பாலும் தங்கிவிடும். பழைய அமெரிக்க காமெடித் தொடர்களில் அடிக்கடி எழும் பதிவுச் சிரிப்பும் அப்படித்தான். சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் விதவிதமான சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் சேர்த்து, விசையைத் தட்டினால் வேண்டிய சிரிப்பு வரும்படி செய்த ஏற்பாடு அது. போய்விடுவது பாத்திரத்தின் சொந்தச் சிரிப்புதான். திரையில் வாய் மட்டும் அசையும். அதற்குத் தமிழில் ஒருவர் புதிதாகச் சிரிக்க வேண்டும், அவர் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதை நான் எழுத வேண்டும்.

எழுத உட்கார்ந்தால் நம் மொழியே முதலில் குறுக்கே நிற்கிறது. 'சிரிக்கிறாள்' என்று எழுதினால் மைக் முன்னால் நிற்பவர் சத்தம் கொடுப்பார். ஆனால் போட்டோ எடுப்பவர் "கொஞ்சம் சிரிங்க" என்றால் யாரும் ஹஹ்ஹா என்பதில்லை. பேச்சுத் தமிழில் உதட்டோடு முடிவதும் சிரிப்புதான், வயிறு குலுங்குவதும் சிரிப்புதான். 'என்னைப் பாத்துச் சிரிச்சான்' என்று ஒரு பெண் சொன்னால் அது பிரியமா கேலியா என்பதை அவள் முகத்தில்தான் தேட வேண்டும். புன்னகை எழுத்தில் உண்டு, அடுப்படியில் கிடையாது. ஆங்கிலத்தில் ஸ்மைல் தனி, லாஃப் தனி. பல்லைக் காட்டும் கிரின், ஒரு பக்க உதட்டைக் கோணும் ஸ்மர்க் இரண்டும் ஊமை. அதனால் எங்கள் தாளில் 'முகம் மட்டும், சத்தமில்லை' என்று தனியாகக் குறிப்போம். புதிதாக வருபவர்கள் ஸ்மர்க் என்று கண்டதும் ஒரு 'ஹிஹி' போட்டுவிடுவார்கள்.

சத்தம் உள்ளவற்றுக்கு வருகிறேன். சக்கிள் என்பது வாய் அதிகம் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே இரண்டு மூன்று தரம் உருண்டு அடங்குவது. பேரன் செய்யும் சேட்டையைத் திண்ணையிலிருந்து பார்க்கும் தாத்தாவின் சிரிப்பு. ஆனால் இப்போதைய மூலத்தாள்களில் அதை எங்கே பார்த்தாலும் தூவிவிடுகிறார்கள். சங்கடத்தில் 'ஹ' என்று ஒரு மூச்சு விட்டாலும் சக்கிள்ஸ். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது, படத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கிகிள் களுக்கென்று வருவது, அடக்க அடக்க மறுபடி பொங்குவது. குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும் இயல்பு. ஐம்பது வயது வக்கீலுக்கு அந்தச் சொல் வந்தால், எழுதியவர் அந்த ஆளைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார் என்று அர்த்தம். ஸ்நிக்கர் அமெரிக்கா, ஸ்நிகர் இங்கிலாந்து, சரக்கு ஒன்றுதான். அடுத்தவன் மானம் போகும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டு மூக்கு வழியே விடும் நமட்டுச் சிரிப்பு. கஃபா வாய் முழுக்கத் திறந்து, யார் பார்த்தால் என்ன என்று வெடிப்பது.

ஸ்காஃப்தான் எனக்குப் பிடித்தது. பாதி சிரிப்பு, பாதி அவமதிப்பு, அரை நொடியில் முடிந்துவிடும். வாத்தியாரிடம் விளக்கம் கேட்டேன். பதில் சொல்லாமல் முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்து "ஹுக்கும்" என்றார். திரையில் இருக்கும் லண்டன்காரி தோளில் இடிக்க மாட்டாள், அந்தக் காற்று மட்டும் போதும் என்று பிறகு சொன்னார்.

கேக்கிள் கோழி முட்டையிட்டுவிட்டுக் கத்தும் சத்தம். சூனியக்காரிகளும் வில்லன்களும் அப்படித்தான் சிரிக்கிறார்கள். நம்மிடம் கோழியும் கொக்கரிக்கும், ஜெயித்த திமிரில் மனிதனும் கொக்கரிப்பான். இந்த ஒன்றில் இரண்டு மொழியும் ஒரே கோழியைக் கேட்டிருக்கின்றன. சார்ட்டில் என்பது லூயிஸ் கரோல் 1871இல் வந்த தன் புத்தகத்தில் சும்மா கட்டிவிட்ட சொல். இன்று ஆங்கில அகராதியில் மரியாதையாக இருக்கிறது.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணம் சொல்கிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் ஆறு வகைச் சிரிப்பைச் சொல்லி, மேலோர், நடுத்தரத்தார், கீழோர் என ஆளுக்கு இரண்டாகப் பங்கு வைக்கிறது. மேலோருக்குப் பல் தெரியாத, தெரிந்தாலும் லேசாகவே தெரியும் சிரிப்பு. அந்தக் கணக்குப்படி எங்கள் பக்கம் மேலோர் யாருமே இல்லை. ஒன்று ஏன் சிரிக்கிறான் என்று கேட்கிறது, மற்றது யார் சிரிக்கிறான் என்று கேட்கிறது. ஆங்கிலச் சொற்கள் வாயிலும் மூக்கிலும் காற்று எப்படிப் போகிறது என்று காட்டுகின்றன. எழுதும்போது எனக்கு மூன்றும் தேவைப்படுகின்றன.

"டிரெயின்லதான வர்ற? காத தொறந்து வையி" என்பது வாத்தியார் தந்த வீட்டுப்பாடம். கடம்பத்தூரில் ஏறுபவர் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அங்கே சிரிக்க ஒன்றுமில்லை. மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்காரப் போகும் கூச்சம் அது. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் பொது இடங்களில் 1,200 சிரிப்புகளைக் கவனித்ததில், நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின்னால் வந்தவை 10 முதல் 20 சதவீதம்தான். கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரிக்கிறார் என்றும் கண்டார். லோக்கலில் இதை நாள்தோறும் சரிபார்க்கலாம். நகரி பக்கத்துப் பாட்டி ஒருவர், எதிர் சீட்டில் போனைப் பார்த்துக் கமுக்கமாகச் சிரிக்கும் கல்லூரிப் பெண்ணைக் காட்டித் தன் மகளிடம் "முசிமுசி நவ்வு" என்று தெலுங்கில் சொன்னார். அதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் காட்சிகளில், தெலுங்கு தெரிந்த குரல் கலைஞராக இருந்தால், வேறு விளக்கமே வேண்டாம்.

வில்லன் சிரிப்புக்குத் திரௌபதி அம்மன் கோயில் கூத்து எனக்குக் கைகொடுத்தது. துச்சாதனன் வேஷக்காரர் மகிழ்ச்சியில் சிரிப்பதில்லை, கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று சிரிக்கிறார். பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பும் அந்த வம்சம்தான் என்பது என் கணிப்பு. அதைக் கஃபா என்று எழுதினால் பிசகு. கஃபாவில் தன்னை மறக்க வேண்டும், வீரப்பா ஒரு நொடிகூடத் தன்னை மறக்கவில்லை. குமரிமுத்துவின் சிரிப்பு, மதன்பாபின் சிரிப்பு இவற்றுக்கெல்லாம் எந்த அகராதியிலும் சொல் கிடையாது. அவர்கள் பெயரையே குறிப்பாக எழுதினால் போதும், கலைஞர்கள் புரிந்துகொள்வார்கள்.

உண்மையில் கடினமான வேலை தனிச் சிரிப்பில் இல்லை. பேசிக்கொண்டே சிரிப்பதில் இருக்கிறது. ஒரு காட்சியில், தன் மேலதிகாரி நாற்காலி வழுக்கி விழுந்த கதையை ஒருத்தி சொல்கிறாள். ஆங்கிலத்தில் 'விழுந்தார்' முன்னாலேயே வந்துவிடுகிறது, எங்கே எப்படி என்பது சிரிப்போடு பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. தமிழில் வினை கடைசியில். சிரிப்பு வெடிக்கும் இடத்தில் நம் வாக்கியம் இன்னும் நாற்காலிக்கே வந்திருக்காது. நான் முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்த தாளை வாத்தியார் வாங்கி, வினையை அடித்துவிட்டார். "உக்காரப் போனவரு... பொத்துனு..." அவ்வளவுதான். மீதி சிரிப்பு. விழுந்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம், 'பொத்து' என்றதுமே கேட்பவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பேசும் நம் வீட்டுப் பெண்களும் வினைவரைக்கும் போவதில்லை என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன்.

பலத்த சிரிப்புகளை அன்றைய பதிவின் கடைசிக்குத் தள்ளிவைப்போம். சிரிப்பு முழுக்க வெளிமூச்சு. நாலைந்து டேக் போனால் தலை சுற்றும், தொண்டை கட்டும், அப்புறம் சாதாரண வசனமும் கரகரக்கும். அடுத்து ஒரு கார்ட்டூன் வருகிறது, அதில் மூன்று சூனியக்காரிகள். குரல் கொடுக்கும் அக்கா இப்போதே வெந்நீர் பிளாஸ்க்கோடு சாயங்கால ஸ்லாட் கேட்டிருக்கிறார்.