கொடையாகி வந்த மென்பொருள்

நூலகத்தின் வாயிலில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் தெரிபவை நூல்கள், தெரியாதது கணக்கு. எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது, யார் கையில் இருக்கிறது, என்று திரும்பி வரும், எத்தனை பேர் அதற்காகக் காத்திருக்கின்றனர் என்னும் கணக்குத் தவறினால், இலட்சம் நூல்கள் இருந்தும் வேண்டிய ஒரு நூல் கைக்கு வாராது. அக்கணக்கைக் காக்கும் கருவி காலந்தோறும் மாறி வந்துள்ளது. கையெழுத்துப் பதிவேடு அட்டைப் பட்டியலாயிற்று. அட்டை கணினிக்குள் புகுந்தது. கணினி இணையத்தோடு இணைந்தது. இன்று அந்தப் பட்டியல் வாசகரின் கைப்பேசியிலேயே விரிகிறது. மாற்றம் வரும்போதெல்லாம் நூலகத்தார் முன் ஒரு வினா எழுகின்றது: புதிய கருவியை எவ்வாறு ஏற்பது? அவ்வினாவிற்கு நியூசிலாந்தின் சிறு நூலகம் ஒன்று கண்ட விடை, உலகெங்கும் உள்ள நூலகங்களுக்குப் பயன்பட்டது.

இரண்டு இலக்கங்களால் வந்த இடர்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் லெவின் என்னும் சிறுநகர் உள்ளது. அந்நகரிலும் அதன் அண்டை ஊர்களிலும் இருந்த பொது நூலகங்களை ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை நடத்தி வந்தது. 1999ஆம் ஆண்டில் அந்நூலகங்களுக்கு ஒரு நெருக்கடி நேர்ந்தது. அக்காலக் கணினி நிரல்கள் பல, நினைவகத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, ஆண்டினைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டுமே குறித்து வந்தன. 1999 என்பது 99. 2000 என்பது 00. அத்தகைய நிரலில், டிசம்பரில் இரவல் பெற்றுச் சனவரியில் திருப்ப வேண்டிய நூல், நூறாண்டுகளுக்கு முன்பே திரும்பியிருக்க வேண்டிய நூலாகக் கணக்கில் நின்றுவிடும். லெவின் நூலகத்தின் பழைய மென்பொருளும் புத்தாண்டைத் தாங்காது என்பது தெளிவாயிற்று.

சந்தையில் நூலக மென்பொருள்கள் இருந்தன. அவை பெரிய நூலகங்களின் தேவைக்கும் செல்வத்திற்கும் ஏற்ப அமைந்தவை. வாங்குவதற்கு ஒரு விலை. ஆண்டுதோறும் பராமரிப்பிற்கு ஒரு கட்டணம். அவற்றின் மூலநிரல் விற்ற நிறுவனத்தின் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். ஒரு சிறு திருத்தம் வேண்டினும் நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். நிறுவனம் கைவிட்டால் மென்பொருளும் கைவிட்டுப்போகும்.

தலைமை நூலகர் ரோசலி பிளேக்கும் அவர்தம் குழுவினரும் வேறு வழியைத் தேர்ந்தனர். தலைநகர் வெலிங்டனில் இயங்கிய கட்டிப்போ என்னும் சிறு நிறுவனத்தின் துணையோடு, தங்களுக்கு வேண்டிய மென்பொருளைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள முடிவு செய்தனர். துணிந்து எடுத்த முடிவு அது. காலமோ சில திங்கள்கள் மட்டுமே. பணி முடியாவிடில் புத்தாண்டில் இரவல் மேசையே நின்றுபோகும்.

நூலகர்கள் தம் அன்றாடப் பணிகளைப் படிப்படியாக எடுத்துரைத்தனர். கிரிஸ் கார்மாக் உள்ளிட்ட நிரலாளர்கள் அவற்றை நிரலாக்கினர். இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியின் வழியாகவும் இயங்குமாறு அதனை அமைத்தனர். லினக்ஸ் இயங்குதளம், பெர்ல் நிரல்மொழி முதலிய அடித்தளக் கருவிகள் எல்லாம், முன்னரே பலர் உழைத்து உலகிற்குக் கட்டற்று வழங்கியவை. 2000ஆம் ஆண்டு சனவரித் திங்களின் தொடக்கத்தில் புதிய மென்பொருள் பணியைத் தொடங்கிற்று. இரவல் மேசை நிற்கவில்லை.

பெயரில் பொதிந்த பொருள்

அம்மென்பொருளுக்குக் 'கோகா' எனப் பெயரிட்டனர். அது நியூசிலாந்தின் தொல்குடியினராகிய மவோரி மக்களின் சொல். ஓர் ஊராரைக் காணச் செல்லும் விருந்தினர் தம்மோடு கொண்டுசென்று வழங்கும் கொடைக்கு அப்பெயர். பெற்றவர் பிறிதொரு காலத்தில் தம்மால் இயன்றதை மீளவும் வழங்குவர் என்னும் நம்பிக்கையும் அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மொழியில் பயில்வோர்க்கு, இக்கருத்தை உணர்வதில் இடர்ப்பாடு இராது.

பெயருக்கேற்ப அறக்கட்டளை கோகாவை உலகிற்கு வழங்கியது. குனு பொது உரிமம் என்னும் உரிமத்தின்கீழ் அது வெளியாயிற்று. எவரும் பயன்படுத்தலாம், மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஒரே கட்டுப்பாடு, திருத்திய வடிவத்தைப் பிறருக்கு வழங்குவோர் தாம் பெற்ற அதே உரிமைகளை அவர்களுக்கும் வழங்குதல் வேண்டும்.

இதில் வள்ளன்மையோடு உலகியல் அறிவும் கலந்திருந்தது. ஒரு சிறு நூலகம் மட்டும் பயன்படுத்தும் மென்பொருளை அந்நூலகம் ஒன்றே காலமெல்லாம் காத்தல் இயலாது. பலர் பயன்படுத்தினால் பலர் பழுது நீக்குவர், பலர் மெருகூட்டுவர். வழங்கினால்தான் நிலைக்கும் என்பதை லெவின் நூலகத்தார் உணர்ந்திருந்தனர்.

கொடை திரும்பி வந்த வழி

அவர்களுடைய நம்பிக்கை வீண்போகவில்லை. அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு மாவட்டம் உண்டு. அங்குள்ள நெல்சன்வில் பொது நூலகம் கோகாவை ஏற்க விழைந்தது. ஆயினும் ஒரு குறை இருந்தது. 1960களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் என்ரியட் ஆவ்ரம் என்னும் பெண்மணி, நூற்பட்டியல் குறிப்புகளைக் கணினி படிக்கத்தக்க வகையில் எழுதுவதற்கு 'மார்க்' என்னும் பொதுவடிவத்தை வகுத்திருந்தார். ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பு, பொருள் முதலிய ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணை அளித்து, ஒரு நூலகம் எழுதிய குறிப்பை மற்றொரு நூலகம் அப்படியே எடுத்தாள வழிசெய்தது அது. தொடக்க காலக் கோகாவிற்கு மார்க் வடிவம் தெரியாது.

நெல்சன்வில் நூலகம் தனக்கு மட்டும் அக்குறையை நீக்கிக்கொண்டு அமைந்துவிடவில்லை. பொருளுதவி செய்து அவ்வசதியை உருவாக்கச் செய்தது. அது கோகாவோடு சேர்ந்து அனைவர்க்கும் உரியதாயிற்று. பிரான்சு நாட்டு நிரலாளர் ஒருவர் அப்பணியில் முன்நின்றார். நியூசிலாந்தில் பிறந்த கருவி, அமெரிக்கப் பொருளாலும் பிரெஞ்சு உழைப்பாலும் வளர்ந்து, மீண்டும் நியூசிலாந்திற்கே பயன்பட்டது. பின்னர்ப் பல நாட்டினர் தத்தம் மொழிகளில் அதன் திரைச்சொற்களைப் பெயர்த்தனர். தமிழிலும் அப்பணி நடைபெற்றுள்ளது. இந்தியப் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்கள் பலவும் இன்று கோகாவைப் பயன்படுத்துகின்றன.

கொடைக்கும் காவல் தேவை என்பதை 2011ஆம் ஆண்டு உணர்த்திற்று. வணிக நிறுவனம் ஒன்று 'கோகா' என்னும் பெயரையே நியூசிலாந்தில் தன் வணிகக் குறியாகப் பதிவுசெய்ய முற்பட்டது. பெயர் சூட்டியவர்களே அப்பெயரை இழக்கும் நிலை. லெவின் நூலகத்தார் உலகத்தாரிடம் துணை வேண்டினர். பல நாடுகளின் நூலகர்களும் நிரலாளர்களும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தனர். முன்னர் கொடை பெற்றவர்கள் காவலர்களாக நின்றனர்.

வாசகரும் வழங்குவர்

நூலகங்கள் ஒன்றுக்கொன்று வழங்கிக்கொண்டதைப் போன்றே வாசகரும் நூலகத்திற்கு வழங்க இயலும் என்பதைச் சமூக வலைத்தளங்கள் காட்டின. 2008 சனவரியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம், தன்னிடமிருந்த பழைய ஒளிப்படங்களுள் ஏறத்தாழ மூவாயிரத்தை, பொதுமக்கள் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபிளிக்கர் தளத்தில் வெளியிட்டது. 1910களின் செய்திப் படங்களும், 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட வண்ணப் படங்களும் அவற்றுள் அடங்கும். பல படங்களில் இருப்பவர் யார், இடம் எது, நிகழ்ச்சி எது என்பன நூலகத்தார்க்கே தெளிவாகத் தெரியவில்லை.

படங்களைக் கண்டவர்கள் குறிச்சொற்களை இட்டனர், குறிப்புகளை எழுதினர். பழைய நாளேடுகளைத் தேடி ஒருவர் ஒரு பெயரைக் கண்டறிந்தார்; கட்டடத்தின் தோற்றத்தைக் கொண்டு மற்றொருவர் ஊரைச் சொன்னார். நூலகத்தார் அவற்றை அப்படியே ஏற்கவில்லை. சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். முதலாண்டிற்குள்ளேயே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல் குறிப்புகள் இவ்வாறு திருத்தமும் விரிவும் பெற்றன. மக்களின் நினைவும் நூலகரின் சரிபார்ப்பும் இணைந்தபோதே அது நம்பத்தக்க அறிவாயிற்று.

தயங்கிக் கடக்க வேண்டியவை

எனினும் புதியது யாவும் நூலகத்திற்கு ஏற்றதாகிவிடாது. ட்விட்டர் தளத்தில் வெளியாகும் பொதுப்பதிவுகள் அனைத்தையும் காக்கப்போவதாக 2010இல் காங்கிரசு நூலகம் அறிவித்தது. பதிவுகளோ மழைக்கால ஆற்றுவெள்ளம்போல் பெருகின. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்த பதிவுகளை மட்டுமே திரட்டுவதென அந்நூலகம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. தேர்தலும் தொகுத்தலும் இன்றித் திரட்டுவது மட்டும் நூலகப் பணியாகாது என்பதை அந்நிகழ்ச்சி விளக்கிற்று.

மற்றொன்று, வாசகரின் மறைவுரிமை. ஒருவர் எந்நூலைப் படிக்கிறார் என்பது அவர்தம் உள்ளத்தின் வழித்தடம். நோயைப் பற்றி அறிய விழைபவரும், மாற்றுக் கருத்தைத் தேடுபவரும் பிறர் பார்வைக்கு அஞ்சாமல் நூலை எடுக்க வேண்டும். வாசகரைப் பற்றி அறிந்தவற்றை வெளியிடாமை நூலகரின் கடமை என அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே தன் அறநெறித் தொகுப்பில் வகுத்தது. சமூக வலைத்தளங்கள் பலவற்றின் வருவாயோ, பயனர் எதைப் பார்த்தார், எதை விரும்பினார் என்பதைத் திரட்டுவதைச் சார்ந்துள்ளது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன. நூலகம் தன் நிகழ்ச்சிகளை அறிவிக்கவும், வாசகர் ஐயங்களுக்கு விடையளிக்கவும் அத்தளங்களைப் பயன்படுத்தலாம். வாசகரின் இரவல் கணக்கை அவற்றின் கைக்கு விட்டுவிடலாகாது.

கோகாவில் இதற்கொரு வழி உண்டு. நூலகம் அனுமதித்தால், தாம் முன்பு படித்து முடித்த நூல்களின் பட்டியல் தம் பெயரோடு இருக்க வேண்டுமா, நீங்கிவிட வேண்டுமா என்பதை வாசகரே தேர்ந்துகொள்ளலாம். மூலநிரல் திறந்திருப்பதால், அத்தேர்வு உண்மையில் நிறைவேறுகிறதா என்பதையும் அறிந்தோர் சோதித்துப் பார்க்க இயலும்.

வண்டிச் சக்கரமும் வலைப்பின்னலும்

கருவியை வாசகர் பொருட்டே ஏற்க வேண்டும் என்னும் இக்கருத்து தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் சீ. இரா. அரங்கநாதன். நூலகவியல் பயில இலண்டன் சென்றிருந்தபோது, சில துண்டுகளைப் பலவாறு பொருத்திப் பலவகை உருவங்களை அமைக்கும் விளையாட்டுப் பொருளை ஒரு கடையில் கண்டார். அறிவுத்துறைகளையும் அவ்வாறே கூறுகளாகப் பகுத்துத் தேவைக்கேற்ப இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருள் முளைத்தது. அவ்வெண்ணமே 1933இல் கோலன் பகுப்புமுறையாக வெளியாயிற்று. 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள், நூலின் பயன்பாட்டையும் வாசகரின் தேவையையும் காலத்தையும் முன்னிறுத்தின. நூலகத்தை ஓயாது வளரும் உயிராகக் கண்டன.

அதே 1931ஆம் ஆண்டில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபை பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் ஒரு நூலகத்தை அமைத்தார். அடுக்குகள் பொருத்திய அவ்வண்டி சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து சென்றது. அன்று ஊர்ப்புறத்து வாசகரை அடைவதற்குக் கைக்கெட்டிய கருவி மாட்டுவண்டி. உள்ளூர்த் தச்சர் அதன் சக்கரத்தைச் செப்பனிடலாம். எந்த ஊருக்குச் செல்வதென்பதை நூலகத்தாரே முடிவு செய்யலாம். லெவின் நூலகத்தார் 1999இல் தேடியதும் அத்தகையதொரு கருவியைத்தான்: தாமே செப்பனிடத்தக்கது, தாம் விரும்பிய வழியில் செல்லத்தக்கது, பிறருக்கும் தரத்தக்கது.

இனி வரும் கருவிகள் எவையாயினும் நூலகம் அவற்றிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இது வாசகரின் காலத்தைக் காக்குமா? அவர்தம் மறைவைக் காக்குமா? பழுதுற்றால் திறந்து பார்க்க இயலுமா? பெற்றதைப் பிறர்க்கும் வழங்க இயலுமா? நூலகத்தில் பட்டியலைத் தேடும் கணினியின் முன் அமரும் மாணவர் எவரும், திரையில் தெரியும் பெயர் 'கோகா' எனில், ஒரு சிறுநகர நூலகத்தார் அனுப்பிய கொடையின் முன் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். கைம்மாறு செய்யும் முறை இனி அவர்களுடையது.