காசிக்குப் பாதி வழி

“காசியில் பாதி கல்பாத்தி” என்பது பாலக்காட்டுத் தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. கல்பாத்திப் புழையின் தென்கரையில், தெருமட்டத்தினின்றும் படியிறங்கிச் சென்று தொழவேண்டிய விசுவநாதர் கோயிலை அறியாத அன்பர் நம் சங்கத்தில் இரார். சேகரிபுரத்து இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண் காசிக்குச் சென்று பாணலிங்கம் ஒன்றைக் கொணர்ந்தார் என்றும், பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1320 பொற்காசுகளை ஒப்படைத்துக் கோயில் எழுப்ப வேண்டினார் என்றும் கூறுவர். ஆண்டு கி.பி. 1425. இரயில் இல்லாத அக்காலத்தில் துணையற்ற ஒரு பெண்மணி அத்தனை தொலைவு சென்று மீண்டார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்போடு நாணமும் உண்டாகும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அன்னையார் தென்காசியில் பிறந்தவர். காசிக்குச் செல்ல இயலாதார் வழிபடும்பொருட்டுப் பராக்கிரம பாண்டியன் அதே 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் அங்குள்ளது. அவர் சிறுமியாயிருந்த நாளில் அதன் இராஜகோபுரம் மொட்டையாய் நின்றது. இன்றுள்ள கோபுரம் 1990-இல் நிறைவுற்றது. மணமான பின் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பதாண்டு மழையில் நனைந்தார். தந்தையார் மறைந்தபின் பாலக்காட்டுக்கு என்னிடம் வந்தார். “பொறந்தது தென்காசி, இருக்கது பாதிக் காசி. முழுக் காசிய எப்பய்யா காட்டப்போற?” என்று சிரித்தவாறே கேட்பார்.

மத்திய அரசு ஊழியர்க்கு நான்காண்டுக்கு ஒருமுறை நாட்டின் எப்பகுதிக்கும் சென்றுவரப் பயணச் சலுகை உண்டு. அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கும் அது உண்டு. பிறருடைய விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவதே என் மேசையின் வேலை! ஒருமுறை, பிள்ளைகள் விரும்பினரென்று, அம்மாவை வீட்டில் விட்டு டில்லிக்கும் ஆக்ராவுக்கும் போனோம். அடுத்தது காசிதான் என்றேன். அடுத்தது வந்தபோது அம்மாவின் முழங்கால்கள் மடங்க மறுத்தன.

அவ்வாண்டு ஐப்பசித் தேரின் மூன்றாம் நாள். தேர்கள் ஒன்றுகூடும் தேவரத சங்கமத்தை ஒரு திண்ணையிலிருந்து கண்டு மகிழ்ந்தார். பின்னர் கோயிலுக்கு அழைத்து வந்தேன். படியிறங்க அவரால் இயலவில்லை. மேலே நின்றே கைகுவித்தார். “இங்கேருந்தே தெரியுதுய்யா” என்றார். அங்கிருந்து சந்நிதி தெரியாது என்பதை நான் அறிவேன்.

மறு ஆண்டு காலமானார். அஸ்தியோடு காசிக்குப் புறப்பட்டேன், சலுகைக்கு விண்ணப்பிக்கவில்லை. 1669-இல் அவுரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டு, 18-ஆம் நூற்றாண்டில் அகல்யாபாய் அம்மையார் மீண்டும் எழுப்பிய விசுவநாதர் கோயிலைத் தொழுதேன். குமரகுருபரர் நிறுவிய மடத்தையும், பாரதியார் இளமையில் வாழ்ந்த அனுமன் கட்டத்தையும் கண்டேன். கேதார கட்டத்துப் படிகளில் நம் ஊர்த் தமிழே காதில் விழுந்தது. படிகள் மிகச் செங்குத்தானவை.

சடங்கு செய்வித்த புரோகிதர் தமிழர். கலயத்தை என் கையில் தருமுன், “அம்மா இதற்குமுன் காசிக்கு வந்ததுண்டோ?” என்று வினவினார்.

“இதுதான் முதல் தடவை” என்றேன்.