சந்தை இங்கே, வயல் அங்கே
1956-ல் போடப்பட்ட மாநில எல்லைக் கோடு, திருவனந்தபுரம் பழவங்காடிச் சந்தையை அதன் கிராமங்களிலிருந்து பிரித்தது. ஆனால் பூவும் காயும் தெய்வங்களும் இன்றும் பழைய வழியிலேயே வந்துகொண்டிருக்கின்றன.

விடிவதற்கு வெகு நேரம் முன்பே கிழக்கேகோட்டைப் பகுதியில் தமிழ் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகளிலிருந்து வாழைத் தார்களும் காய்கறி மூட்டைகளும் இறங்குகின்றன. லாரிக்காரர் தமிழில் எண்ணுகிறார், சுமட்டுத் தொழிலாளி மலையாளத்தில் எண்ணுகிறார். கணக்கு என்னவோ சரியாகவே வந்துவிடுகிறது. கேரளத் தலைநகரின் அன்றைய சமையல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தம்பானூரில் ரயிலையோ பஸ்ஸையோ விட்டு இறங்குபவர்கள் ஓவர்பிரிட்ஜைத் தாண்டிப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் போதும், பழவங்காடி வந்துவிடும். சாலையோரத்தில் புகழ்பெற்ற கணபதி கோயில். திருவிதாங்கூர் படைவீரர்கள் வழிபட்ட பிள்ளையார் இவர். திருவிதாங்கூர்ப் படை இந்திய ராணுவத்தோடு இணைக்கப்பட்டபோது பிள்ளையாரும் உடன் சென்றார். கோயிலை இன்றும் ராணுவம்தான் நிர்வகிக்கிறது. இங்கே முக்கிய வேண்டுதல் தேங்காய் உடைப்பது. நாள் முழுவதும் சிதறுகாய் சத்தம் ஓய்வதில்லை. தென்னை நாட்டிலேயே தேங்காய் வியாபாரம் இவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கும் இன்னொரு இடத்தைக் காண்பது கடினம்.

பழவங்காடி என்ற பெயருக்குப் பழைய அங்காடி என்று பொருள் சொல்கிறார்கள். பகலில் கூடுவது நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி என்று சங்க காலத்து மதுரையும் புகாரும் வைத்திருந்த சொல் இது. தமிழகத்தில் இதைச் சந்தையும் மார்க்கெட்டும் பஜாரும் ஓரங்கட்டிவிட்டன. 'பல்பொருள் அங்காடி' என்ற அரசாங்கத் தமிழில்தான் அது மீண்டும் தலைகாட்டியது. இங்கே அது பஸ்ஸின் பெயர்ப் பலகையில் சாதாரணமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கோயிலைக் கடந்து காந்தி பூங்காவுக்கு எதிரே திரும்பினால் சாலைக் கடைத்தெரு. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்த நெரிசலான தெருவின் பெயரே 'சாலை'தான். அருகிலேயே ஆரியசாலை, வலியசாலை. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை வலியசாலைப் பகுதிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தச் சாலை கல்விச்சாலையா, உணவுச்சாலையா, ராஜராஜன் அங்கே அறுத்தது கப்பல்களையா வேறெதையுமா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மிளகாய் மூட்டைக்கு விலை பேசுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்றைய சாலைக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் ராஜா கேசவதாஸ். கேசவ பிள்ளை என்ற எளிய மனிதராகத் தொடங்கி, 1789-ல் திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்தவர். ஆலப்புழைத் துறைமுகத்தை உருவாக்கியவரும் இவர்தான். 1795-ல் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். கோயிலும் அரண்மனையும் படையும் அலுவலர்களும் ஓரிடத்தில் கூடியபோது எல்லோருக்கும் அரிசி வேண்டியிருந்தது. கேசவதாஸ் கோட்டை வாசலில் கடைத்தெருவை அமைத்தார். அரிசி வரும் வழியைத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. தலைநகரம் எங்கிருந்து வந்ததோ, அரிசியும் அங்கிருந்தே வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. கட்டை வண்டிகள் தக்கலை, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகக் கரமனை ஆற்றைக் கடந்து சாலைக்கு வந்தன. கேசவதாசின் முடிவு மட்டும் நல்லதாக அமையவில்லை. பதவி பறிக்கப்பட்டு 1799-ல் இறந்தார். விஷம் வைக்கப்பட்டதாகவே இன்றும் பேச்சு.

வண்டிகளோடு மனிதர்களும் வந்தார்கள். நாகர்கோவில், இரணியல், செங்கோட்டை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து வந்த வியாபாரிகள் பலசரக்கு, பாத்திரம், ஜவுளி, நகை என்று கடை விரித்தார்கள். இன்று அவர்களது மூன்றாம், நான்காம் தலைமுறை கல்லாவில் அமர்ந்திருக்கிறது. இந்தத் தெருவின் மொழி தமிழும் அல்ல, மலையாளமும் அல்ல. இங்கே 'சர்க்கரை' என்று கேட்டால் வெல்லம் கிடைக்கும். நிலக்கடலைக்குக் 'கப்பலண்டி' என்று பெயர். கப்பலில் வந்த கொட்டை. மரவள்ளிக் கிழங்கைத் திருவனந்தபுரத்துக்காரர் 'மரிச்சீனி' என்பார், கன்னியாகுமரிக்காரர் 'மரச்சீனி' என்பார். எல்லையைத் தாண்டியதில் சொல்லுக்கு ஒரே ஓர் எழுத்துதான் சேதம்.

ஆனால் இந்த ராஜபாட்டை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வயலில் நெல்லை விளைவித்த புலையர் போன்ற சமூகத்தினர் அந்த நெல் செல்லும் சாலையில் நடக்கவே தடை இருந்தது. தெற்கே வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893-ல் வில்வண்டி ஒன்றை வாங்கி, பொதுச் சாலையில் தானே அமர்ந்து ஓட்டிச் சென்றார். 1898-ல் அவரது ஆட்கள் ஆறாலும்மூடு சந்தையை நோக்கிப் போனபோது பாலராமபுரத்தில் அடிதடி நடந்தது. கோயில் கதவு அதற்கும் பிறகு 1936-ல்தான் திறந்தது. நெல்லுக்கு இருந்த வழி, நெல் விளைத்தவருக்குக் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று.

அந்தப் பாலராமபுரமும் சாலையை நம்பி வளர்ந்த ஊர்தான். பாலராமவர்மா ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டன. கேரளப் பெண்மையின் அடையாளமாக விளம்பரங்களில் காட்டப்படும் கசவு வேட்டியும் முண்டும் அந்தத் தறிகளில் நெய்யப்படுபவை.

பிறகு வந்தது 1956. திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி மார்ஷல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் சேர்ந்தது. மொழி நியாயம் வென்றது. ஆனால் ஒரு சந்தைக்கும் அதன் வயலுக்கும் நடுவே, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், களியக்காவிளையில் சோதனைச் சாவடி முளைத்தது. நேற்றுவரை பக்கத்து ஊர் நெல்லாக இருந்தது ஒரே இரவில் 'வெளிமாநிலச் சரக்கு' ஆனது. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கும் நஷ்டம்; ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய சந்தை அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டது.

கோடு எவ்வளவு விநோதமாக விழுந்தது என்பதற்குப் பத்மநாபபுரம் அரண்மனையே சாட்சி. இருப்பது தமிழ்நாட்டில், நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை.

சாலைத் தெருவின் தமிழர்கள் திடீரென்று மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். அவர்களது வாழ்க்கையைப் பதிவு செய்தவர் அதே தெருவில் பாத்திரக் கடை நடத்திய ஆ. மாதவன். 1934-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து, பள்ளியில் மலையாளம் படித்து, தமிழைத் தானாகக் கற்று எழுதியவர். 'கடைத்தெருக் கதைகள்' தொகுதியில் அவர் காட்டுபவர்கள் முதலாளிகள் அல்ல. சுமை தூக்குபவர்கள், எடுபிடிகள், திருடர்கள், தெருவோரத்தில் தங்கிவிட்ட மனிதர்கள். ஆற்று மணல் அள்ளுபவர்களைப் பற்றியது 'புனலும் மணலும்' நாவல். 2015-ல் சாகித்ய அகாடமி விருது பெற்று, 2021-ல் மறைந்தார். இதே நகரின் நீல. பத்மநாபன் 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் கோயிலைச் சுற்றிய தெருக்களை எழுதினார். அவரது 'தலைமுறைக'ளின் களமோ எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள இரணியல். இலக்கியம் சோதனைச் சாவடியில் நிற்கவில்லை.

தெய்வங்களும் நிற்பதில்லை. தலைநகரம் இடம் மாறிய பிறகு நவராத்திரி விழாவும் திருவனந்தபுரத்துக்கு வந்தது. ஆனால் விழாவின் நாயகியர் குமரி மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். எனவே ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி என்பது ஐதிகம். அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறுகிறது. களியக்காவிளையில் தமிழக அதிகாரிகள் வழியனுப்ப, கேரள அதிகாரிகள் வரவேற்கிறார்கள். பத்து நாள் தங்குவதற்குச் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டைக் கோயில். முருகன் தங்குவது ஆரியசாலையில், அதாவது கடைத்தெருவின் நடுவிலேயே. தன் கிராமத்து வியாபாரிகளின் நலம் விசாரிக்க வந்தவரைப்போல.

சரக்கும் அப்படித்தான். தோவாளைப் பூ விடிகாலைக்குள் சாலைக்கு வந்துவிடுகிறது. குமரியின் மட்டியும் செவ்வாழையும் ஏத்தனும், தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் காய்கறியும் வருகின்றன. ஆற்றுகால் பொங்காலை நெருங்கினால் மண்பானையும் வெல்லமும் தெருவை அடைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடும் ஆற்றுகால் பகவதி, மதுரையை எரித்துவிட்டுச் சேர நாடு வந்த கண்ணகி என்று நம்பப்படுகிறது. அவளும் எல்லை தாண்டி வந்தவள்தான்.

ஆனால் நெல் மட்டும் பழைய வழியில் வருவதில்லை. நாஞ்சில் நாட்டு வயல்களில் கணிசமானவை வாழைத்தோப்பாகவும் தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. சாலையின் அரிசிக் கடைகளுக்கு இப்போது ஆந்திராவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் மூட்டைகள் வருகின்றன. எல்லைக் கோட்டால் பிரிக்க முடியாத உறவை மனை விலை பிரித்துவிட்டது.

சந்தைக்கும் சோதனைக் காலம். தெரு அகலம் கட்டை வண்டிக்குப் போதுமானது, லாரிக்கு அல்ல. புதுப்பிக்கும் திட்டங்கள் அறிவிக்கப்படுவதும் மறக்கப்படுவதும் பழகிவிட்டது. சரக்கு இறங்குவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததற்காகக் கேட்கப்பட்ட 'நோக்குகூலி'யைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்தது வியாபாரிகளுக்கு ஆறுதல்தான். ஆனால் சூப்பர் மார்க்கெட்டுகள் தோட்டத்திலிருந்தே நேரடியாக வாங்குவதைத் தடுக்க யாராலும் முடியாது. மலையாள வழியிலும் ஆங்கில வழியிலும் படித்த பிள்ளைகளுக்குக் கடைக் கல்லா கவர்ச்சியாக இல்லை. சிலருக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை.

சற்றுத் தள்ளிப் பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகள் 2011-ல் திறக்கப்பட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பொன்னும் மணியும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கோயிலுக்கும் அதன் நகரத்துக்கும் அன்றாடம் சோறு போட்ட தெருவுக்கு அப்படிக் காவல் எதுவும் இல்லை. அதை உயிரோடு வைத்திருப்பது வாடிக்கை ஒன்றே. ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு அத்தப்பூக்களம் தொடங்கும்போது அது கண்ணுக்குத் தெரியும். மலையாளிகளின் மிகப் பெரிய பண்டிகைக்கு முற்றத்தில் இடும் கோலத்துக்கான பூவில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வருகிறது. அந்த வாரம் தோவாளைப் பக்கம் மழை பெய்துவிட்டால், மறுநாள் காலை சாலைத் தெருவில் பூ விலை ஏறிவிடும்.