நெடுந்தீவிற் கண்ட பட்டிப்பூ

குறிகட்டுவானிற் படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் சென்றால் நெடுந்தீவை அடையலாம். அங்கு செல்வோர் பெருக்கமரத்தையும், கட்டாக்காலிக் குதிரைகளையும், பழங்கோட்டையின் இடிபாட்டையும் பார்த்துவிட்டு மாலைப் படகிலே திரும்பிவிடுவர். சென்ற ஆவணி விடுமுறையில் நானும் அவற்றையெல்லாம் பார்த்தேன். ஆயினும் என் மனத்தில் நின்றது, முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளின் அடியிலே பூத்து நின்ற பட்டிப்பூவேயாகும்.

மாரி ஓய்ந்து ஏழு மாதமாகியிருந்தது. சோளகக் காற்று உப்பையும் புழுதியையும் அள்ளி வீசியது. புல்லெல்லாம் கருகி, கல்லும் மணலுமே எஞ்சியிருந்த நிலத்தில் ஆடுகள் எதையோ தேடித் திரிந்தன. அவை பட்டிப்பூவின் பக்கம் திரும்பவேயில்லை. இலையை ஒடித்தாற் கசியும் கசப்பான பால் அச்செடிக்கு நல்ல வேலியாகும். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஐந்திதழ்ப் பூக்கள் செடிதோறும் மலர்ந்திருந்தன.

அவ்வழியே வந்த ஆச்சி ஒருவரிடம், “இந்த வெயிலிலும் வாடாமல் நிற்கிறதே ஆச்சி, யார் தண்ணீர் ஊற்றுவது?” என்று கேட்டேன்.

“உதுக்கு ஆர் தம்பி தண்ணி விடுறது? குடிக்கிற தண்ணிக்கே நாங்கள் குடம் தூக்கிறம்” என்றார் அவர்.

ஆச்சியின் சொல் தீவுக்கு மாத்திரம் உரியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறையினுள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறிவிடும். அவ்வாறிருக்க, காலையும் மாலையும் மோட்டரை ஓடவிட்டுப் புற்றரைக்கும் குளிர்நாட்டுப் பூஞ்செடிகளுக்கும் நீர் பாய்ச்சும் முற்றங்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பட்டிப்பூவின் தாயகம் மடகஸ்கார்த் தீவு. ஆண்டு முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி என்னும் மங்கலப் பெயர் பெற்ற இதனையே தமிழ்நாட்டிற் சிலர் சுடுகாட்டுமல்லி என்பர். அப்பெயருக்கு அஞ்சி முற்றத்தில் வைக்கத் தயங்குவோரும் உளர். இஃது வீண் அச்சம். கவனிப்பாரற்ற இடத்திலும் வளர்வது செடியின் குற்றமாகுமா?

மாணவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இதன் இலை நீரிழிவுக்கு உதவும் என்னும் நாட்டு வழக்கை ஆராயப் புகுந்த றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் என்னும் அறிஞர் இருவரும் கனடாவில் வேறொன்றைக் கண்டனர். 1958 இல் அவர்கள் வெளியிட்ட ‘வின்பிளாஸ்ரின்’ புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. இதே செடியிலிருந்து பெறப்பட்ட ‘வின்கிறிஸ்ரின்’ சிறுவரின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகின்றது. இதனைக் கேட்டு இலையை அவித்துக் குடிக்க எவரும் முற்படலாகாது. செடி முழுவதும் நஞ்சு. மருந்தாவது வைத்தியசாலையில் அளந்து ஏற்றப்படும்போது மாத்திரமே.

வளர்ப்பதோ எளிது. மழை ஓய்ந்தபின், தையின் பிற்பகுதியில் விதைக்கலாம். விதை இருளிலேதான் நன்கு முளைக்குமாதலால், மேலே மெல்லிய மணற்போர்வை வேண்டும். நாலைந்து இலை விட்டதும் நல்ல வெயில் விழும் இடத்தில் ஓரடி இடைவிட்டு நடுக. வேரூன்றும் வரை நாடோறும் சிறிது நீர். அப்பால் வாரத்துக்கு ஒருமுறை போதும். நண்பகலில் இலை துவள்வதைக் கண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். பொழுது சாய அது தானே நிமிரும். எருவை வாரிக் கொட்டினால் இலை செழிக்கும், பூ குறையும். தண்டு முற்றி அடிப்பகுதி வெறுமையானால், பாதியளவில் வெட்டிவிடின் புதுக்கிளை தோன்றும்.

இச்செடிக்குப் பகை கோடையன்று, கார்த்திகை மழையே. நீர் தேங்கினால் வேர் அழுகி, இரண்டொரு நாளிற் செடி கருகிவிடும். ஆகவே செம்மண் வளவுகளில் நிலத்தைச் சாணளவு உயர்த்தி, மணலும் கலந்து நடுதல் நன்று. இரட்டையாகத் தோன்றும் காய்கள் மஞ்சள் நிறம் கொள்ளும்போது பறித்துக் கடதாசியிற் சுற்றி வையுங்கள். வெடிக்கும் வரை விட்டால் கரிய சிறு விதைகள் மண்ணிற் சிந்திவிடும். பிறகு அவற்றைக் கண்டெடுப்பவை எறும்புகளே.