நிமிராத முதுகு

திருக்கடையூரில் வருஷம் முழுக்கக் கல்யாணம்தான். அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். எமனை உதைத்த காலசம்ஹாரமூர்த்தியிடம் ஆயுள் கேட்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களின் முதுகுக்குத்தான் என் கண் முதலில் போகும். அத்தையால் வந்த பழக்கம் அது.

அத்தை நடவுக்குப் போனவள். குறுவை, சம்பா இரண்டுக்கும் சேற்றில் நின்றவள். "குனிஞ்சு குனிஞ்சே கூன் விழுந்துடுச்சு" என்றார்கள். அவளும் அதை நம்பினாள். மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாகக் கரையும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பம்படியில் குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுருக்கென்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். வெகுநாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் ஒரு முள்ளெலும்பு ஆப்பு வடிவில் நசுங்கியிருந்தது.

சித்திக்கு அதே வலி வந்தபோது காலம் மாறியிருந்தது. தஞ்சாவூரில் டாக்டர், "சிமெண்ட் வைக்கலாம்" என்றார். சித்தி மிரண்டுவிட்டாள். "பலூன் வச்சு ஊத்துறதா, நேரா ஊத்துறதா? எது நல்லதுன்னு நீயே கேட்டுச் சொல்லுப்பா."

கேட்டேன், படித்தேன். வீடு கட்டும் சிமெண்ட் இல்லை. அக்ரிலிக் வகைப் பொருள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டைப் பதிக்கப் பயன்படுத்தியது. 1984இல் பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், தெராமோ என்ற மருத்துவர்கள் அதை ஊசி வழியே முள்ளெலும்புக்குள் செலுத்தினார்கள். அது கழுத்து முள்ளெலும்பில் ரத்தநாளக் கட்டி இருந்தவருக்கு. எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு வந்தது பிறகுதான். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி ஊசியை இறக்கி, பற்பசைப் பதத்தில் சில மில்லி செலுத்துவார்கள். சூடாகி இறுகிவிடும். இது வெர்டிப்ரோபிளாஸ்டி. 1990களின் இறுதியில் வந்த கைபோபிளாஸ்டியில் முதலில் சிறு பலூனை உள்ளே விரித்து, நசுங்கிய எலும்பைக் கொஞ்சம் தூக்கி, அந்தக் குழியில் நிரப்புவார்கள்.

வலி தணிவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பலூன் முறையில் எலும்பின் உயரம் சற்றுக் கூடுதலாக மீளும், கசிவு குறையும், செலவு ஏறும். கசிந்த சிமெண்ட் பெரும்பாலும் தொந்தரவு தராது. அபூர்வமாகத் தண்டுவடத்தை அழுத்தும், நுரையீரலுக்கும் போகும்.

சிமெண்டே தேவையா என்ற கேள்விதான் இன்னும் பெரிது. 2009இல் ஆஸ்திரேலியாவின் புக்பைண்டர், அமெரிக்காவின் கால்ம்ஸ் தலைமையில் நடந்த இரு சோதனைகளில், பாதிப்பேருக்கு ஊசி போடுவதுபோலப் பாவனை மட்டுமே செய்தார்கள். அவர்களுக்கும் சிமெண்ட் வைத்தவர்கள் அளவுக்கே வலி குறைந்தது. 2016இல் ஆறு வாரத்துக்குட்பட்ட, கடும் வலி தரும் முறிவுகளை மட்டும் எடுத்துக்கொண்ட வேப்பர் ஆய்வு பலன் உண்டு என்றது. 2018இல் நெதர்லாந்தின் வெர்டாஸ்-4 ஆய்வு மறுபடியும் வித்தியாசமில்லை என்றது. பல முறிவுகளின் வலி சில வாரங்களில் தானே தணிவதும் உண்மை.

சித்தியின் எம்ஆர்ஐ முறிவு புதியது என்றது. மாத்திரைகளுக்கு வலி மசியவில்லை. பலூன் இல்லாமலே வைத்தார்கள். சீக்கிரமே எழுந்து நடந்தாள். ஆனால் டாக்டர் அழுத்திச் சொன்னது வேறு: ஒரு முள்ளெலும்பு நசுங்கிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் இன்னொன்றும் நசுங்குகிறது. சிமெண்ட் அந்த ஓர் எலும்பைத்தான் தாங்கும். மற்றவற்றைக் காக்க வருஷத்துக்கொரு ஜோலெட்ரானிக் அமில ஊசி, கால்சியம், வைட்டமின் டி.

அந்த மருந்து எதுவும் அத்தைக்குக் கிடைக்கவில்லை. அடுத்தடுத்து எலும்புகள் நசுங்கி, கடைசியில் வானத்தைப் பார்க்க அவள் படுக்க வேண்டியிருந்தது.

வீட்டுப் பெரியவர்களுக்கு உயரம் குறைந்தாலோ, திடீரென முதுகு வலித்தாலோ வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பாருங்கள். பலூனா, நேரடி ஊசியா, இரண்டும் வேண்டாமா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். எலும்புக்கான மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.