நெருப்பில்லாமல் எடுத்த செம்பு

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் புகையிரதத்தில் ஐந்தாறு மணித்தியாலப் பயணம். வடபகுதியில் பெண்களின் வாழ்வாதாரப் பணியில் ஈடுபட்டுள்ள நாங்கள் நால்வர், சென்ற ஆண்டு ஒரு பயிற்சிக்காக அங்கு சென்றிருந்தோம். மற்ற மூவரும் தையல், உணவு பதனிடல் நிலையங்களைப் பார்க்க விரும்பினர். நான் பழைய இலத்திரனியல் பொருட்களைப் பிரித்தெடுக்கும் இடத்தைக் காட்டுமாறு கேட்டேன். அதற்கொரு காரணம் இருந்தது.

வன்னியில் நான் பணிபுரியும் கிராமத்தில் ஓர் அக்கா இருக்கிறார். யுத்தத்தில் கணவனை இழந்தவர். மூன்று பிள்ளைகள். 2009க்குப் பின்னர் எம்மவர் பலர் பழைய இரும்பு பொறுக்கிச் சீவித்ததையும், அப்படிப் போய் வெடிபொருளில் அகப்பட்டுக் கையையும் காலையும் இழந்தவர்களையும் நாம் அறிவோம். அந்தப் பயத்தால் அவர் காட்டுப்பக்கம் போவதை விட்டுவிட்டு, வீடு வீடாகச் சென்று பழுதான றேடியோ, தொலைக்காட்சி, வயர் என்பவற்றை வாங்கத் தொடங்கினார். பின்னேரங்களில் வளவுக்குள் வயர்களைக் குவித்து எரித்து, செம்பை எடுத்து விற்பார். கடைசிப் பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து தடியால் கிளறும். இதை நான் எனது அறிக்கையில் 'வெற்றிகரமான சுயதொழில்' என்று எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு இருமல் மாறாதிருந்தபோதுதான் நான் எழுதிய சொல் என்னை உறுத்தியது.

பெங்களூரில் முதலில் எம்மை எஸ்.பி. ரோட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். நகரச் சந்தைக்குக் கிட்டிய ஒடுங்கிய வீதி. இரு பக்கமும் சின்னஞ்சிறு கடைகள். பழைய கணினி, திரை, விசைப்பலகை, மின்விசிறி என்று கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒரு கடையில் ஓர் இளைஞன் ஐந்து பழுதான கணினிகளிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து, ஓடக்கூடிய இரண்டைச் செய்துகொண்டிருந்தான். "குப்பை என்று ஒன்றுமில்லை அம்மா, தெரியாதவனுக்குத்தான் குப்பை" என்று தமிழிலேயே சொன்னான். இங்கு எதையும் எரிக்கவில்லை. திருத்தி மீண்டும் பாவிப்பதுதான் முதற்படி என்பதை அந்த வீதியில் கற்றேன்.

மறுநாள் நகருக்கு வெளியேயுள்ள சிறிய நிறுவனமொன்றுக்குச் சென்றோம். இளம் பொறியியலாளர்கள் சிலர் தொடங்கியது. வந்திறங்கும் பொருளை முதலில் நிறுத்துப் பதிகிறார்கள். வேலை செய்யக்கூடியதைத் திருத்தி விற்கிறார்கள். மிகுதியை நீண்ட மேசைகளில் வைத்துப் பெண்கள் ஸ்குரூ ட்ரைவரால் கழற்றுகிறார்கள். இரும்பு ஒரு பெட்டியில், அலுமினியம் ஒன்றில், பிளாஸ்டிக் ஒன்றில். வயரின் மேலுறையை ஒரு சிறிய இயந்திரம் நீளவாக்கில் கீறிவிட, செம்பு பளபளவென்று வெளியே வருகிறது. புகையே இல்லை! அந்த இயந்திரத்தின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

அங்கு வேலை செய்த கிருஷ்ணகிரிப் பெண்ணொருவர் தமிழில் பேசினார். "முன்னாடி வேற ஒரு எடத்துல இருந்தேன் அக்கா. தங்கம் எடுக்கறோம்னு போர்டை ஆசிட்ல போடுவாங்க. கையெல்லாம் வெந்துடும். இங்க சம்பளம் ரொம்ப அதிகம்னு இல்ல. ஆனா வீட்டுக்குப் போயி புள்ளைய பயமில்லாம தூக்கறேன்" என்றார்.

கைத்தொலைபேசிகளில் தங்கம் இருப்பது உண்மைதான். ஒரு தொன் பழைய கைத்தொலைபேசிகளில் சுமார் 300 கிராம் தங்கம் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அதைப் பாதுகாப்பாகப் பிரிக்கப் பெரிய உலைகள் வேண்டும். ஆகவே பல இந்திய நிறுவனங்கள் மின்சுற்றுப் பலகைகளைப் பெல்ஜியம் போன்ற நாடுகளின் உலைகளுக்கு அனுப்பி வந்துள்ளன. வீட்டில் அமிலத்தால் எடுக்க முயல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

இத்தொழிலுக்குப் பெங்களூரில் ஒரு வரலாறு உண்டு. பார்த்தசாரதி என்பவர் தொடங்கிய 'இ-பரிசரா' 2005 முதல் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில், தாபஸ்பேட்டையில் இயங்கத் தொடங்கியது. 'பரிசர' என்றால் கன்னடத்தில் சுற்றாடல். அரச அனுமதி பெற்று இத்துறையில் இறங்கிய இந்தியாவின் முதல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. பின்னர் வேறு பலரும் வந்தனர். ஆயினும் அவர்களுக்குப் பெரிய தடை, பொருள் கிடைக்காமைதான். பாதுகாப்புக்குச் செலவழிக்காத வியாபாரி கூடிய விலை கொடுத்து வாங்கிவிடுவான். உற்பத்தியாளரே தமது பழைய பொருட்களுக்குப் பொறுப்பேற்க வேண்டுமென்ற விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த பின்னரே நிலைமை சற்று மாறத் தொடங்கியது. அதே நகரில், குப்பை பொறுக்கும் ஏழைகளுக்கு மாநகராட்சி 2011 முதல் தொழில் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியதையும் அறிந்தேன். புதிய தொழில் வரும்போது பழைய உழைப்பாளியைத் தள்ளிவிடாதிருக்க இது உதவும்.

2022இல் உலகில் 62 மில்லியன் தொன் இலத்திரனியல் கழிவு சேர்ந்தது. அதில் காற்பங்குகூட முறைப்படி சேகரிக்கப்படவில்லை என்கிறது ஐ.நா. சார்ந்த அறிக்கை. முறைசாராக் கழிவுத் தொழிலில் உள்ள 1 கோடி 29 இலட்சம் பெண்கள் வரை நச்சுப் பொருட்களுக்கு ஆளாகும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் எச்சரித்தது. ஈயம் தாயின் உடலிலிருந்து வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் போகும். அதன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஊர் திரும்பியதும் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நீங்கள்தானே தங்கச்சி, நல்ல தொழில் எண்டு எழுதினனீங்கள்? எரிச்சால் அரை மணித்தியாலம், சீவினால் ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அறிவுரை மட்டும் போதாது என்பதை அன்று உணர்ந்தேன். மாதர் சங்கத்தில் பேசி, சிறு கடனில் வயர் உரிக்கும் கைக்கருவி ஒன்று வாங்கினோம். எரித்த செம்பைவிட உரித்த செம்புக்கு விலை கூட. ஆனால் மெல்லிய வயரை உரித்துக் கட்டாது. அதை எரிக்காமல் அப்படியே குறைந்த விலைக்கு விற்கிறார். மொத்த வருமானம் முந்தியதைவிடச் சற்றுக் குறைவுதான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. இப்போது மூத்த மகள் றேடியோ திருத்தப் பழகுகிறாள். அதில் ஈடுசெய்யலாமென்று நம்புகிறோம்.

இத்தொழில் செய்யும் சகோதரிகள் கவனிக்க:

வயரையோ பிளாஸ்டிக்கையோ எரிக்காதீர்கள். பழைய தொலைக்காட்சியின் கண்ணாடியை உடைக்காதீர்கள். அதில் ஈயம் உண்டு. வீங்கிய பற்றரியைக் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். வேலை முடிந்து சவர்க்காரமிட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். கர்ப்பிணிகள் இவ்வேலையைத் தவிர்க்கவும். இலங்கையில் இவ்வகைக் கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் விபரம் கேளுங்கள்.

எனது பழைய அறிக்கையில் அந்த ஒரு சொல்லைத் திருத்தி மீண்டும் அனுப்பினேன். அக்காவின் வளவில் தீ மூட்டிய இடத்தில் இப்போது கத்தரி நட விரும்புகிறார். அந்தச் சாம்பல் மண்ணில் உண்ணும் பயிர் வேண்டாமென்று தடுத்திருக்கிறேன். இப்போதைக்கு அங்கே செவ்வரத்தை நிற்கிறது.